அந்த மேட்டைத் தரிசு என்று எழுதாதீர்கள்

எங்கள் கடற்கரையை அழகுபடுத்தும் திட்டத்தைப் போட்டவர்களுக்கும் அதற்கு ஒப்புதல் தந்த அதிகாரிகளுக்கும்,

போன வாரம் எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினீர்கள். ஊருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கும் மணல்மேட்டைச் சமப்படுத்தி, கல் பதித்த நடைபாதையும் வண்டி நிறுத்த இடமும் அமைக்கப்போவதாக அதில் எழுதியிருக்கிறது. நிலத்தின் வகை என்ற இடத்தில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’, அதாவது நிலவரி விதிக்காத தரிசு, என்று போட்டிருக்கிறது. மறுப்பு இருந்தால் 15 நாளைக்குள் எழுத்தில் தரவேண்டுமாம். இதோ தருகிறேன். ஊராரும் வெளியாட்களும் படிக்கவேண்டும் என்பதால் எல்லார் பார்வைக்கும் வைக்கிறேன்.

நான் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கடலோர ஊர்க்காரி. அப்பா வத்தையில் கடலுக்குப் போனவர். அம்மா தீவுப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுத்து எங்களைப் படிக்க வைத்தவர். நான் இப்போது பக்கத்து ஊரில் பள்ளிக்கூடத்து ஆசிரியை. நீங்கள் தரிசு என்று எழுதியிருக்கும் மேட்டில்தான் நடக்கப் பழகினேன்.

அந்த மேட்டை வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்த்தவர் உங்களில் ஒருவரோ இருவரோதான். இரண்டு ஆள் உயரம் இருக்கும். கடல் பக்கச் சரிவு முழுக்க அடப்பங்கொடி படர்ந்து கிடக்கும். உச்சியில் ராவணன் மீசைப் புல், காலில் குத்தும். மூன்று பனை, ஒரு தாழம்புதர். ஊரைப் பார்த்த சரிவில், பனையடியில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு மணல் குழி. தேங்காய்ச் சிரட்டையால் மொள்வதால் அதைச் சிரட்டை ஊத்து என்போம். நல்ல தண்ணீர் ஊத்து. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்தது உங்களுக்குத் தெரியும். பாம்பனிலிருந்து போன ரயில் நூறு பேருக்கு மேல் இருந்த பயணிகளோடு கடலுக்குள் போனது. அதெல்லாம் பதிவில் இருக்கிறது. என் அப்பத்தா அந்த ஊர்க்காரி. அப்போது அங்கே ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், தலைமன்னாருக்குக் கப்பல் எல்லாம் இருந்தன. தாத்தாவுக்குத் துறையில் மூட்டை தூக்கும் வேலை. அன்றைக்கு ராத்திரி காற்று ஏறியதும், வத்தையை மேலே இழுத்துக் கட்டப் போகும் தம்பிக்குத் துணையாக வெளியே போனவர்தான். இரண்டு பேரும் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

கையில் மூன்று வயதுப் பிள்ளை, அது என் அப்பா. பக்கத்தில் ஆறு வயது அத்தை. அப்பத்தா ஒரு மணல் திட்டின் மேல் பனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடிய விடிய இருந்திருக்கிறது. விடிந்தபோது தண்ணீர் வடிந்துவிட்டது. “கெணத்தையெல்லாம் உப்பாக்கிட்டுப் போயிருச்சு தாயி” என்று சொல்லும். அந்தக் கதையில் அதற்கு மறக்காத இடம் காற்றும் இல்லை, அலையும் இல்லை. பிள்ளைகளின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு பகல்தான்.

அங்கிருந்து படகில் ஏற்றி மண்டபம் கொண்டுவந்தார்கள். பிறகு தூரத்துச் சொந்தம் இருந்த எங்கள் ஊருக்கு வந்து ஒண்டியது. அப்போது எங்கள் ஊரில் இருந்த கிணறுகளிலும் உவர்த் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் தூரத்திலிருந்து வரவேண்டும். வீட்டுக்கு வீடு அளந்துதான் கிடைக்கும். ஒண்ட வந்த வீட்டில் சோறு கேட்டுவிடலாம், தண்ணீர் கேட்கக் கூச்சமாக இருந்தது என்று அப்பத்தா சொல்லும். அந்தக் கூச்சத்தில்தான் மேட்டுக்குப் போய் மணலைத் தோண்டியது.

எப்படித் தோண்டியது என்பதில் எங்கள் ஊரிலேயே மூன்று கதை இருக்கிறது. நீங்கள் கேட்கும் ஆதாரம் பற்றிப் பேச அது தேவைப்படும், அதனால் மூன்றையும் சொல்கிறேன்.

அப்பத்தா சொன்னது: நண்டு வளை பார்த்தது. ஒரு இடத்து மணல் மட்டும் காலுக்குக் குளிர்ந்தது. கையை விட்டுத் தோண்டியது. அத்தை சொல்வது: தோண்டியது அப்பத்தா இல்லை, ஒரு தெருநாய். அது பறித்த குழியில் ஈரம் கண்டதைத் தான்தான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னதாக இன்றைக்கும் சத்தியம் செய்வார். மூன்றாவது கதை எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் முஸ்லிம் குடும்பத்தில் சொல்வது. அங்கே இடம் ஏற்கெனவே இருந்தது, மணல் மூடிக் கிடந்தது, அவர்கள் வீட்டுப் பாட்டிதான் என் அப்பத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார், முதல் சிரட்டையும் அவர் கொடுத்ததுதான் என்பார்கள். அப்பத்தா அவரைக் கடைசிவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டது.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் நான் அப்பத்தாவை மடக்கிக் கேட்டேன், எது உண்மை, யார் தோண்டியது என்று. பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்காமலே சொன்னது: “ரெண்டு பேரு கையிலயுந்தான் ஊறுச்சு.”

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அளக்க வந்தவர் எங்கள் பெண்களைப் பார்த்து, “இது கோயிலா, தர்காவா, சர்ச்சா? பதிவில் ஒன்றும் இல்லையே. என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் வேலை அது. ஆனாலும் அன்றைக்கு எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை, வாயடைத்து நின்றோம். யோசித்த பிறகு சொல்கிறேன்.

நம் மாவட்டத்தைப் பாருங்கள். தங்கச்சிமடத்தில் வில்லூன்றி தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் ஒரு கிணறு, அதில் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்தது, இராமன் வில்லை ஊன்றினார், தண்ணீர் வந்தது என்பது கதை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்பவை ஒன்பது கல், இராமன் நட்ட நவக்கிரகம் என்பது கதை. ஓரியூரில் கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் 1693இல் வெட்டுப்பட்ட இடத்து மண் சிவப்பாக இருக்கிறது, அவர் ரத்தம் பட்டதால் சிவந்தது என்று நம்பி எங்கிருந்தெல்லாமோ வந்து ஒரு பிடி எடுத்துப் போகிறார்கள். கதையை எடுத்துவிட்டால் அவை தண்ணீர், கல், மண். கதையைச் சொல்லிக்கொண்டே இருந்த வாய்கள்தான் அவற்றைக் காத்தன. அங்கே போய் யாரும் சர்வே எண் கேட்பதில்லை.

எங்கள் கதையில் அவதாரமும் இல்லை, புனிதரும் இல்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி தாகத்துக்காக மணலைத் தோண்டினாள். அதுவும் தாகத்தின் கதைதான். மூன்று விதமாகச் சொல்கிறோமே என்று கேட்பீர்கள். ஒரே ஊத்தில் மூன்று வாசல் தண்ணீர் குடித்திருக்கிறது. மூன்று பேரும் அதைத் தங்கள் வீட்டுக் கதையாகச் சொல்கிறார்கள். ஒருத்தரும் மற்றவர் சொல்வதைப் பொய் என்று சண்டைக்குப் போனதில்லை. அதைவிடப் பெரிய ஆதாரம் எந்தப் பதிவேட்டில் இருக்கப்போகிறது?

அந்த மேட்டில் செருப்போடு ஏறக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அடப்பங்கொடி தொடங்கும் இடத்தில் எல்லாரும் கழற்றினார்கள், நானும் கழற்றினேன். இன்றைக்கும் அங்கே போனால் பத்து ஜோடி செருப்பு வரிசையாகக் கிடக்கும். என் மகள் நாலு வயதில், “இங்க சாமி எங்கம்மா இருக்கு?” என்று கேட்டாள். நான் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, “இது நம்ம ஊத்துடா” என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

தண்ணீர் எடுப்பதை நீங்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். குழிக்குள் இறங்கி குந்திக்கொள்ளவேண்டும். அடியில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் ஊறியிருக்கும், கண்ணாடி மாதிரி. சிரட்டையைச் செங்குத்தாக இறக்கினால் மணல் எழும்பிக் கலங்கிவிடும். விளிம்பைச் சாய்த்து, தண்ணீர் தானாகச் சிரட்டைக்குள் வழியும்படி வைக்கவேண்டும். நிறைந்ததும் குடத்து வாயில் கட்டிய துணியில் ஊற்றவேண்டும். அடுத்த சிரட்டைக்கு அவசரப்படக்கூடாது. “பொறு, ஊறட்டும்” என்பதுதான் அப்பத்தாவிடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை. சித்திரையில் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில்தான் கதை நடக்கும். தனுஷ்கோடி ரயில், தலைமன்னார்க் கப்பல், தாத்தா வெற்றிலை போடும் அழகு, அவர் தம்பி பாடும் பாட்டு என்று எல்லாம் அந்தக் குழிக்குள் குந்தியிருந்து கேட்டதுதான். நான் பார்க்காத மனிதர் என் தாத்தா. அவர் நடை எனக்குத் தெரியும்.

முதல் சிரட்டையை வீட்டுக்கு எடுப்பதில்லை. கிழக்கே, தனுஷ்கோடி இருக்கும் திசை பார்த்து, மணலில் ஊற்றுவோம். அப்பத்தா தொடங்கியது. தாகத்தோடு போன மனுஷனுக்கு என்று. தாத்தாவுக்குச் சமாதி இல்லை, சாம்பல் இல்லை, ஒரு போட்டோ கூட இல்லை. டிசம்பர் 22 சாயங்காலம் குடும்பமாகப் போய் ஆளுக்கொரு சிரட்டை ஊற்றுவோம். மணி அடிப்பதில்லை, சூடம் காட்டுவதில்லை. முன்னே ராத்தா வீட்டாரும் வந்து நிற்பார்கள், இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். பிறகு கடலில் போய் வராமல்போன மற்றவர்களுக்காகவும் ஊர்ப் பெண்கள் ஊற்றத் தொடங்கினார்கள். எங்கள் அப்பா இறந்ததும் அவருக்கும் ஒரு சிரட்டை. ஒரு வீட்டு வழக்கம் ஊர் வழக்கம் ஆனது இப்படித்தான்.

அங்கே வாளி விடக்கூடாது, மோட்டார் வைக்கக்கூடாது, இடுப்புக்கு மேல் ஆழப்படுத்தக்கூடாது என்று அப்பத்தா கறாராகச் சொல்லும். “ஆழப்போனா உப்பு ஏறிரும்.” பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகுதான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது. மணலில் இறங்கும் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது. அதன் மேல் மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் தாங்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும், அந்த இடத்தில் கடல் வந்து உட்காரும். மேட்டை வெட்டிச் சமப்படுத்தி மேலே கல்லைப் பதித்தால் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்க வழி இருக்காது. நம் மாவட்டத்துக்கு அந்த இரண்டு மூன்று மாத மழையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஊத்து ஒரே நாளில் வற்றாது. மெல்ல உவர்க்கும். உவர்த்த பிறகு உங்களிடம் வந்து கேட்டால் நீங்கள் மாற்றலாகிப் போயிருப்பீர்கள்.

காவிரிக் கூட்டுக் குடிநீர்தான் வருகிறதே, இந்தக் குழி எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். குழாய் வந்ததற்கு நன்றியோடுதான் இருக்கிறோம். அது எந்த நாளில் வராது என்பதைக் குடம் தூக்கும் பெண்களிடம் கேளுங்கள். குழாய் உடைந்த வாரங்களில் ஊர் எங்கே போனது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சட்டம் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2011இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் சரி, 2019இல் வந்ததிலும் சரி, மணல்மேடுகள் முதல் வகையில், சூழல் ரீதியாக எளிதில் பாதிக்கப்படும் இடங்களோடு வைக்கப்பட்டிருக்கின்றன. அழகுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மணல்மேட்டின் உருவத்தை மாற்றுவதை 2011 அறிவிக்கை தடை செய்தது. மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் மேடு எந்த வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டோம். தரிசு என்று மட்டும்தான் பதில் வந்தது. மன்னார் வளைகுடாக் கரையில் மணல்மேடும் தரிசு, வலை காயப்போடும் களமும் தரிசு, பாசி உலர்த்தும் இடமும் தரிசு. தீர்வை விதிக்க முடியாததை எழுத வேறு சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சுற்றுலா வந்தால் எங்களுக்கும் பிழைப்பு வரும் என்கிறீர்கள். வரட்டும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தைப் பார்க்க அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள், தினமும் வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே புயலின் நினைவு எங்கள் மேட்டில் இன்னும் ஈரமாக இருக்கிறது. அங்கே இடிந்ததைக் காக்கிறீர்கள், இங்கே இருப்பதை இடிக்க வருகிறீர்கள். இது எங்களுக்குப் புரியவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான்.

மேட்டைச் சமப்படுத்தும் வேலையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தள்ளிவைக்கிறோம் என்று சொல்லாதீர்கள், எடுத்துவிட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்றால் ஏலக்கூடத்துக்கு மேற்கே, சாலையோரமாக, மேடும் ஊத்தும் இல்லாத சமமான இடம் கிடக்கிறது. ஊர்க் கூட்டத்தில் அதைக் காட்டச் சம்மதித்திருக்கிறோம்.

பதிவேட்டில் அந்த நிலத்தின் எதிரே ‘தரிசு’ என்று நிற்கும் சொல்லுக்குப் பக்கத்தில் மணல்மேடு என்றும், ஊர்ப் பொது ஊத்து என்றும் குறியுங்கள். அதற்கு என்ன விண்ணப்பம், எந்தப் படிவம் என்று சொல்லுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். கதையையும் எழுதித் தருகிறோம், மூன்றையும். கடலோர மேலாண்மை வரைபடத்திலும் அது ஏறவேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஊரில் கூட்டம் போடுங்கள். காலை 11 மணிக்கு வேண்டாம். அந்த நேரத்தில் ஆண்கள் கடலில் இருப்பார்கள், பெண்கள் பாசிக்கோ கருவாட்டுக்கோ போயிருப்பார்கள். போன கூட்டத்தில் ஊர் சார்பில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏழே பேர், அதில் ஒரு பெண்ணும் இல்லை. சாயங்காலம் வையுங்கள், மேட்டடியிலேயே வையுங்கள். என் அத்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அந்த நாயைப் பற்றி உங்களிடமும் சொல்வார். அவர் சொல்வதைக் குறிப்பில் ஏற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. அளக்க வந்தவர்கள் மேட்டைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய ஐந்து குச்சிகளை ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஒன்று ஊத்துக் குழியின் விளிம்பில், பெண்கள் கால் வைத்து இறங்கும் இடத்தில் நிற்கிறது. அதைச் சுற்றி மணல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து குழிக்குள் விழுகிறது. நாங்களே பிடுங்கியிருக்கலாம். அரசாங்கம் ஊன்றியதை அரசாங்கமே எடுக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம், காலையில் ஒருவர் மாற்றி ஒருவர் மணலை அள்ளி வெளியே போடுகிறோம். மற்ற எதற்கும் நாளாகும் என்றால் சரி. அந்த ஒரு குச்சியை இந்த வாரத்துக்குள் வந்து எடுங்கள்.

இப்படிக்கு,
சிரட்டை ஊத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர்க்காரி